புவியியல் டீச்சர் தொலைந்த கதை: வேலூர்ப் பக்கம் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி: காட்பாடி, கோட்டை

பெரம்பூரில் ஏறி காட்பாடியில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. நானும் மகளும் மட்டும். அவள் பிளஸ் ஒன், நான் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். வந்திருப்பது ஓரியன்டியரிங் போட்டிக்கு. வீட்டில் இதைச் சொன்னால் "அப்படின்னா என்ன?" என்று கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லிப் பார்த்துவிட்டேன். கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டிலோ ஊரிலோ அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக முக்கோணத் தூக்குக் கொடிகளை வைத்திருப்பார்கள், அதற்குப் பெயர் கன்ட்ரோல். வரைபடத்தில் போட்டிருக்கிற வரிசையிலேயே ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, அங்கே தொங்கும் 'பஞ்ச்' என்ற ஊசிக் கருவியால் அட்டையில் குத்திக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் விருப்பம். யார் சீக்கிரம் வருகிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விளையாட்டு.

பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897இல் நார்வேயில் நடந்தது. அப்புறம் ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ராணுவ அதிகாரி 1919இல் ஒரு பெரிய போட்டி நடத்தி இதை ஊரெல்லாம் பரப்பினார். பனி, பைன் காடு, சதுப்பு என்று அவர்கள் நிலத்தில் வளர்ந்த ஆட்டம். நாம் அதை வேலிகாத்தான் முள்ளுக்குள் ஆடுகிறோம். வேலூர்ப் பக்கம் இதை நடத்துகிறவர்களில் பாதிப்பேர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள், அதில் ஆச்சரியமும் இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. எங்கள் போட்டியை நடத்தியவரும் ஓய்வுபெற்ற சுபேதார்தான். எல்லாரும் 'சுபேதார் சார்' என்றே கூப்பிட்டோம்.

காட்பாடியிலிருந்து ஆட்டோ. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, நாங்கள் கேட்காமலேயே ஓட்டுநர் வேலூரின் பழைய பெருமையைச் சொன்னார்: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா, "ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981லயே சாமி வந்துட்டாரேங்க" என்றேன். "அது எனக்கும் தெரியும்மா, அதுக்காக பழமொழிய மாத்திக்கினு இருப்பாங்களா?" என்றார். சரிதான். அந்தத் 'தண்ணி இல்லாத ஆறு' மறுநாள் என் தலையிலேயே விடியப் போகிறது என்று அப்போது தெரியாது.

மாலையில் கோட்டைக்குள் ஒரு சின்ன பயிற்சி ஓட்டம். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கொடி எதுவும் கட்டவில்லை, கொடிக்குப் பதில் கேள்விகள். இந்தப் படிக்கட்டில் எத்தனை படி, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்ன மரம் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். பத்து கேள்வி, வரைபடம் 1:4000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர்தான். நடந்தே முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது கேள்வியிலேயே எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பியிருக்கிறேன். காரணம் கேட்டால் வெட்கம்: வரைபடத்தை நான் வடக்கு மேலே இருக்கும்படிப் பிடித்திருந்தேன், என் முகமோ தெற்கே பார்த்திருந்தது. வகுப்பறைச் சுவரில் மாட்டிய வரைபடத்துக்கு எப்போதும் வடக்குதான் மேலே, பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகவே அப்படிப் பிடித்துக்கொள்கிறது. ஓடும்போது வரைபடத்தின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்தியிருக்க வேண்டும், எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இதை என் மகள் எனக்குச் சொன்னாள், அதுவும் அகழிக்கரையில் வேர்க்கடலை தின்றுகொண்டே. அவள் எனக்கு முன்னால் முடித்துவிட்டு, கடலையும் வாங்கி, பாதியையும் தின்று தீர்த்திருந்தாள்.

இரண்டாம் நாள், சனி: ஊருக்கு வெளியே ஒரு கரடு

இன்று நடந்ததை எழுதவே யோசித்தேன். எழுதாவிட்டால் மறுபடியும் செய்வேன் என்பதால் எழுதுகிறேன்.

வேலூரைச் சுற்றி இருக்கிறதே, பாறை உருண்டை உருண்டையாக அடுக்கிவைத்த மாதிரி மொட்டை மலைகள், அப்படி ஒன்றின் அடிவாரம். பெரிய பெரிய பாறை, இடையில் முள், ஆட்டுத் தடம், கீழே ஒரு ஏரி. வரைபடம் 1:10000, சமஉயரக் கோடுகளுக்கு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளுக்கு, இடையே 5 மீட்டர் உயர வித்தியாசம். இதில் நிறங்களுக்குத் தனி மொழி இருக்கிறது. வெள்ளை என்றால் ஓடக்கூடிய மரக்காடு, மஞ்சள் என்றால் வெட்டவெளி, பச்சை கூடக்கூட நுழைய முடியாத புதர். பழுப்பு மேடு பள்ளம், கருப்பு பாறையும் மனிதர் கட்டியதும், நீலம் தண்ணீர். நீலம் தண்ணீர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கன்ட்ரோல் புறப்படும் இடத்திலிருந்து 3 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 300 மீட்டர், எனக்கும் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. நான் பழகியது சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50000 தாள், அதில் 3 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை கிலோமீட்டர். தாளில் அந்த இடைவெளியைப் பார்த்ததும் உடம்பு நீண்ட தூரத்துக்குத் தயாராகிவிட்டது, மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன், கொடியைத் தாண்டி இரண்டு மடங்கு தூரம் போன பிறகுதான் ஏரிக்கரை குறுக்கே வந்து நிறுத்தியது. ஏரிக்கரை வரைபடத்தில் என் கன்ட்ரோலுக்கு ரொம்பப் பின்னால் இருந்தது. திரும்பி வந்து எடுத்தேன். ஒன்பது நிமிஷம் போச்சு.

இதற்குத்தான் காலடி எண்ணிப் பழகச் சொல்கிறார்கள். பள்ளி மைதானத்தில் 100 மீட்டருக்கு எனக்கு 64 இரட்டையடி (இரண்டு காலும் ஒரு தடவை வைத்தால் ஒன்று). ஆனால் அது மைதானத்தில். முள்ளும் பாறையும் இருக்கும் இடத்தில் 80 கூட ஆகிறது என்று இன்று எண்ணிப் பார்த்தேன். 1802இல் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் இந்தியாவை அளக்க முதல் கோடு போட்டபோது, எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்று அதைப் பெட்டிக்குள் வைத்து, வெப்பமானியும் பார்த்து அளந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் கால் வெயிலில் எவ்வளவு குறுகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான்காவது கன்ட்ரோலில்தான் முழு நாசம். திட்டம் நல்ல திட்டம்: கானாற்றைத் தாண்டு, அதற்கப்புறம் வரும் இரண்டாவது மலைமுதுகில் ஏறு, பாதி உயரத்தில் பெரிய பாறையின் கிழக்குப் பக்கம் கொடி. நீலக் கோடு ஒன்று வளைந்து போகிறது, அதுதான் கானாறு. நான் ஓடினேன். மணல் பரந்த ஒரு பள்ளம் வந்தது, ஆட்டுப் புழுக்கை, ஒரு பழைய செருப்பு, இறங்கி ஏறினேன். இன்னும் கானாறு வரவில்லையே என்று தொடர்ந்து ஓடினேன். அடுத்து இன்னொரு பள்ளம், இதில் கொஞ்சம் ஈரம் இருந்தது, அப்பாடா, கானாறு!

முதலாவதுதான் கானாறு. நீலக் கோட்டைப் பார்த்ததும் நான் கண்ணால் தண்ணீரைத் தேடியிருக்கிறேன். வட ஆர்க்காட்டுக் கானாற்றில் தை மாசத்தில் தண்ணீர் எங்கே இருக்கும்? அந்த ஆட்டோ ஓட்டுநர் பாலத்திலேயே சொல்லிவிட்டார். நான் அவருக்கு 1981ஐப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எல்லாமே ஒரு படி தள்ளி. மூன்றாவது மலைமுதுகை இரண்டாவது என்று நம்பி ஏறினேன். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு மேடு இருந்தால் மாற்றி ஏறுவது இந்த ஆட்டத்தில் எல்லோரும் செய்கிற தவறுதான், ஆனால் என்னை நானே நம்பவைத்த விதம் இருக்கிறதே, அதுதான் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வரைபடத்தில் மேட்டுக்கு மேற்கே சின்னக் கிணறு இருந்தது, நிலத்தில் இல்லை. 'தூர்த்துவிட்டிருப்பார்கள்' என்றேன். வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை, நிலத்தில் முள். 'வளர்ந்து மூடியிருக்கும்.' மேடு வடக்கே வளைய வேண்டும், இது தெற்கே வளைந்தது. 'லேசாகத்தானே.' இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம், ஒரு பரீட்சைத் தாளில் பிள்ளைக்கு எப்படியாவது 35 மார்க் போட்டுவிடத் தவிக்கிற டீச்சர் மாதிரி.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர். "இன்னாமா தேடற?" போட்டியில் வெளியாரிடம் வழி கேட்கக் கூடாது. நான் வாயே திறக்கவில்லை, சிரித்தேன். அவரே "துணி கட்டிக்கிறதா? அந்தாண்ட ரெட்டைப் பாறைகிட்ட ஒண்ணு கீது, போ" என்றார். கேட்காமலே வந்த உதவி தப்பா இல்லையா என்று மனசுக்குள் ஒரு நீதிமன்றம் நடந்தது. நீதிமன்றம் முடிவதற்குள் கால் அந்தாண்ட ஓடிவிட்டது. கொடி தெரிந்தது, பாய்ந்து போய் அட்டையில் குத்தினேன். 38 நிமிஷம் தேடிய கொடி.

முடிவுக் கோட்டில் சுபேதார் சார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பஞ்ச் கருவியிலும் ஊசிகளின் அமைப்பு வேறு வேறாக இருக்கும். "மேடம், நாலாவது கட்டத்துல குத்துனது 47. உங்களுது 41." ஒவ்வொரு கொடியிலும் எண் எழுதியிருக்கும், அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும், இது முதல் பாடம். நான் குத்தியது வேறு பிரிவுக்காரர்களின் கன்ட்ரோல். தகுதி நீக்கம். பெரியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் கொடி என்றார், கொடிதான் இருந்தது.

சாயங்காலம் சார் எல்லோரையும் உட்காரவைத்து, ஓடிய வழியைச் சிவப்புப் பேனாவால் அவரவர் வரைபடத்திலேயே வரையச் சொன்னார். நான் வளைத்து வளைத்து வரைந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "தொலைஞ்ச இடத்த விடுங்க. முதல்ல சந்தேகம் வந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க. நின்னு யோசிச்ச இடத்துல இன்னொரு புள்ளி" என்றார். சந்தேகம் எங்கே வந்தது? யோசித்தேன். கிணறு இல்லாத இடத்தில். நின்றது எங்கே? பெரியவர் கூப்பிட்ட இடத்தில், அதுவும் நானாக நிற்கவில்லை. நூல் வைத்து அளந்தோம். 620 மீட்டர்.

"சந்தேகத்தைத் தோள்ல தூக்கிக்கினு இவ்ளோ தூரம் ஓடியிருக்கீங்க" என்றார். மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மூன்றாம் நாள், ஞாயிறு: ஆம்பூர், ஏலகிரி

ஓட்டம் இல்லை, பயணம் மட்டும். காலையில் எழுந்தால் தொடையெல்லாம் முள் கீறல், காலுறையிலிருந்து நெருஞ்சி பொறுக்கவே அரை மணி நேரம் ஆனது.

பேருந்தில் ஆம்பூர். பிரியாணி சாப்பிட்டோம், சீரகச் சம்பா, கூடவே அந்தப் புளிப்புக் கத்திரிக்காய். எனக்குப் பிரியாணியைவிட அந்தக் கத்திரிக்காய்தான் பிடித்தது என்றால் ஆம்பூர்க்காரர்கள் கோபிக்கலாம். அப்புறம் வாணியம்பாடி. அங்கிருந்து ஒரு சாலை ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் போகிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற வைணு பாப்பு ஆய்வகம் அங்கேதான். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பதோடு சரி.

ஏலகிரி ஏறும்போது மகள் ஒரு விளையாட்டு வைத்தாள். இந்தப் பகுதிக்கான சர்வே ஆஃப் இந்தியா வரைபடம், 57 எல் தாளின் அச்சுப்பிரதி, என்னிடம் இருந்தது. "கட்டைவிரல வரைபடத்துல வை, பஸ் போகப்போக நகர்த்திக்கிட்டே வா. நான் எப்ப கேட்டாலும் எந்த வளைவுன்னு சொல்லணும்." கட்டைவிரல் நகத்தின் நுனியில் நான் இருக்கிறேன் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டக்காரர்களுக்கு இது மூச்சுவிடுகிற மாதிரி. பதினான்கு கொண்டைஊசி வளைவு, கவிஞர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் எழுதிய பலகைகள். ஆறு வளைவுவரை சரியாகச் சொன்னேன். அப்புறம் ஒரு குரங்குக் கூட்டம், பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி, நான் எலுமிச்சம்பழம் தேடிக் கொடுத்தேன். "இப்ப?" "ஒன்பது." பலகை எட்டு என்றது. சாதாரணத் திருப்பம் ஒன்றை வளைவாக எண்ணியிருக்கிறேன்.

"இப்ப என்ன பண்ணுவே?" என்றாள். "பலகைய நம்புவேன்." "நேத்து பலகை இல்லையே." பதில் சொல்லவில்லை.

மேலே சுமார் 1,100 மீட்டர். இரவு நல்ல குளிர், ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. சீக்கிரம் படுத்துவிட்டோம்.

நான்காம் நாள், திங்கள்: ஏலகிரி, நீள ஓட்டம்

குடியரசு நாள். கொடியேற்றத்துக்கு வரவில்லை என்று தலைமையாசிரியரிடம் தனியாக அனுமதி வாங்கியிருந்தேன். அங்கே ஒரு கொடி, எனக்கு இங்கே பதின்மூன்று.

நேர்க்கோட்டில் 5.8 கிலோமீட்டர். ஏலகிரி கரடு மாதிரி இல்லை, மேலே தட்டையாக, ஊர் ஊராக, நிலம் நிலமாக இருக்கும். விதைத்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது, வரப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். நேராகப் போனால் 200 மீட்டர், சுற்றினால் 500. எந்தச் சுற்று லாபம் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பதே பாதி ஆட்டம்.

வரைபடத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் திருப்பினேன். கட்டைவிரல் இடம் விட்டு நகரவில்லை. ஒவ்வொரு கொடியிலும் எண்ணை வாய்விட்டுப் படித்தேன், வகுப்பில் வருகை எடுப்பதுபோல. ஐந்தாவதில் ஒரு காரியம் செய்தேன், அது இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. கொடி ஏரிக்கரையின் ஒரு மதகுப் பக்கம். நேராக மதகைக் குறிவைத்து ஓடினால், கரையை அடைந்ததும் மதகு இடமா வலமா என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். அதனால் வேண்டுமென்றே 60 மீட்டர் இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்தேன். கரை வந்ததும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பினேன். மதகு. கொடி. எண் 52. சரி!

எட்டாவதுக்குப் போகும்போது வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் கம்பிவேலி. உள்ளே புதுசாக ஏதோ விடுதி கட்டுகிறார்கள். 'வரைபடம் பழசு, வேலியைச் சுற்றிப் போனால் சரியாகிவிடும்' என்று மனசு சொன்னது, அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரிந்தது. கிணற்றைத் தூர்த்த அதே குரல். ஆனாலும் உடனே நிற்கவில்லை, பொய் சொல்வானேன். கொஞ்சம் ஓடினேன். பலாமரங்கள் வந்தன, வரைபடத்தில் அங்கே தோப்பே இல்லை. அங்கே நின்றேன். என்னைத் தாண்டி இரண்டு பேர் போனார்கள், ஒருவர் எனக்கு அப்பா வயசு. நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் சாலை வளைவில் இருந்த சின்ன அம்மன் கோயில். அதுவரை திரும்பி நடந்தேன். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பாட்டி, "இப்பதானே அப்படி ஓடுன? ஏதாச்சும் விட்டுட்டியாம்மா?" என்றார். "ஆமாம் பாட்டி, வழியை" என்றேன். கோயில் மூலையிலிருந்து காம்பஸ் வைத்துப் பார்த்தால் நான் முன்பு கிளம்பியதே இரண்டு பாதையில் தப்பான பாதை. வேலி, விடுதி எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை, வரைபடமும் அந்த இடத்தில் சரியாகத்தான் இருந்தது. போனது ஏழு நிமிஷம்.

பன்னிரண்டாவதில் இன்னொரு அபத்தம். முன்னால் ஓடிய ஒரு பையன் தெளிவாகப் போகிற மாதிரி இருந்தது, பின்னாலேயே போனேன், அவன் வேறு பிரிவு. நாலு நிமிஷம். இந்தத் தவறு புதுசு, இந்த நான்கு நாளில் செய்யாமல் விட்டது இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

1 மணி 52 நிமிஷம். பதினான்கு பேரில் ஒன்பதாவது. அட்டையைச் சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது என் வயிறு பிசைந்தது. பதின்மூன்றும் சரி. மகள் அவள் பிரிவில் இரண்டாவது.

ஜோலார்பேட்டையில் வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்து, கம்பிவேலிப் பக்கம் ஒரு புள்ளி, பலாமரத்தடியில் ஒரு புள்ளி வைத்தேன். மகள் தன் பையிலிருந்து நூலை எடுத்தாள். 140 மீட்டர்.

"உன்னோடத எடு" என்றேன். "எனக்குத்தான் செகண்ட் வந்துடுச்சே" என்றாள். "எடும்மா." முனகிக்கொண்டே விரித்தாள். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். முதல் புள்ளி வைத்தாள், கொஞ்சம் தள்ளி அழித்தாள், இன்னும் முன்னால் வைத்தாள். இரண்டாவது புள்ளி வைக்க அவள் கை வரைபடத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. நூல் பத்தவில்லை.